கையெழுத்துப் போடும் முன் தேதியைப் பார்

தம்பி,

முதலில் பேனாவை மூடி வை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுத்தான் நான் எதையும் ஆரம்பிப்பேன்; இன்றைக்கு அதெல்லாம் பிறகு. ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அப்பாவும் பசியாறிக்கொண்டிருந்தபோது உன் செய்தி வந்தது. "ம்மா, வக்கீல் லெட்டர் வந்துருக்கு. நம்ம மெஷின் அவங்க பேட்டண்ட்ல வருதாம். இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. இந்த வெள்ளி விட்டு அடுத்த வெள்ளிக்கிழம கோலாலம்பூர் போயி சைன் பண்ணிட்டு பழைய வேலைக்கே திரும்பிடறேன் லா. நீங்க கவலப்படாதீங்க." கவலைப்படாதீங்களாம்! நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, பத்தாங் காலியில் ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்து, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து உதிரிப் பழத்தையும் சருகையும் மண்ணையும் தனித்தனியாகப் பிரித்துக் கொட்டும் எந்திரத்தை இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தவன், ஒரு காகிதம் வந்ததும் நாலு வரியில் கடையைக் கட்டிவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில் ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். முதலில் உன்மேல்தான் கோபம். கொஞ்ச நேரத்தில் அது என்மேல் திரும்பியது. காகிதம் வந்தால் கையைத் தூக்கிவிட வேண்டும் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே.

போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்து முடித்ததும், கோலா சிலாங்கூரிலிருந்து கோலா குபு பாரு வரைக்கும் இருக்கிற பட்டறைக்காரர்களின் வாட்சாப் குழுவில் இதை அப்படியே போட்டுவிடு. வீட்டு விஷயத்தை ஏன் ஊரறியச் சொல்ல வேண்டும் என்று நினைக்காதே. இதே தப்பைச் செய்யப்போகிறவர்கள் அந்தக் குழுவில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தப்பித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நீ இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் இருந்த வருடம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. கம்போங் குவாந்தான் போகும் சாலையில் நம் பட்டறை அப்போது தகரக் கூரையோடு இன்னும் சின்னதாக இருந்தது. குனியாமல் உதிரிப் பழத்தைப் பொறுக்க ஓர் உருளை செய்திருந்தார் உன் அப்பா. கம்பிகளால் ஆன உருளை; நின்றபடியே தள்ளிக்கொண்டு போனால் பழம் கம்பிக்குள் ஏறிக்கொள்ளும். நான் பள்ளி விடுமுறையெல்லாம் குனிந்து உதிரி பொறுக்கியவள். என் இடுப்பு வலியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் அதைச் செய்தார். அவர் வாயால் அப்படிச் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். எட்டு உருளை செய்து, பெயிண்ட் அடித்து, வரிசையாக நிறுத்தி வைத்திருந்தோம். அந்த வாரம்தான் ஒரு கம்பெனியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. பட்டறையின் காகிதமெல்லாம் என் கையில்தான். அவர் ஆங்கிலம் படிக்கமாட்டார்.

"என்னம்மா போட்ருக்கு?" என்று கேட்டார்.

"இத நாம செய்யக் கூடாதாம். அவங்க பேட்டண்ட் எடுத்துருக்காங்களாம். செஞ்சு வச்சத அழிக்கணுமாம்."

"நாம யாரப் பாத்தும் செய்யலியே. நம்மளா யோசிச்சு செஞ்சதுதான?"

"நம்பர் போட்ருக்காங்க பாருங்க. கையெழுத்து இருக்கு, சாப் முத்திரை இருக்கு. எதுக்கு வம்பு? வெட்டிப் போடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த இரண்டு நாளும் அவர் கேஸ் கட்டரை வைத்து எட்டையும் வெட்டினார். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் பையோடு நின்று, "ஏம்ப்பா வெட்டறீங்க? நல்லாத்தான இருக்கு?" என்றாய். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே "லெட்டர் வந்துருச்சுய்யா" என்றார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. இரும்பு கேட் பற்ற வைத்தார், லோரிக்குத் தொட்டி அடித்தார், சாமிக்குக் கூண்டு செய்துகொடுத்தார். கேட்டதை மட்டும் செய்தார். நான் அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் நான் அப்படிப் பயந்தேன் என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். நான் வளர்ந்த தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு பலகை உண்டு. துரை கையெழுத்துப் போட்ட நோட்டீஸைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கொண்டுவந்து அதில் ஒட்டுவார். ஒருமுறை, நாலாவது லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் யாரும் காய்கறி போடக்கூடாது என்று ஒட்டினார்கள். அங்கே தண்ணீர்க் குழாய் புதைக்கப் போகிறார்களாம். குழாயும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அந்தத் துரை ஊருக்குப் போய்விட்டார். தோட்டம் இரண்டு கம்பெனிக்குக் கைமாறியது. நோட்டீஸ் மழையில் ஊறி எழுத்தே தெரியவில்லை. ஆனால் நாலாவது லயத்துக்குப் பின்னால் ஒரு கத்தரிச் செடி கூட யாரும் வைக்கவில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி வெண்டை விதை போட்டபோது, நானே போய், "அங்க போடக் கூடாதுக்கா, நோட்டீஸ் இருக்கு" என்று தடுத்திருக்கிறேன். பலகையில் ஆணி இருக்கிறவரைக்கும் உத்தரவு இருக்கிறது என்றுதான் எங்களுக்குப் பழக்கம். எத்தனை நாளைக்கு என்று கேட்கிற பழக்கமே எங்களுக்கு வரவில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நான் வக்கீல் கடிதத்தைப் படித்தேன். உனக்கும் அதையே ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

சரி, புலம்பல் போதும். திங்கட்கிழமை காலையில் நீ அனுப்பிய கடிதப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். உன் கடிதத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன, கவனித்தாயா? நீ கவனித்திருக்கமாட்டாய். ஓர் எண் வெளிநாட்டுக் காப்புரிமையினுடையது. வேறு நாட்டு எழுத்தோடு தொடங்கும் அந்த எண்ணை நம் நாட்டுப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. காப்புரிமை என்பது கொடுத்த நாட்டுக்குள்தான் செல்லும். நீ எந்திரத்தை அந்த நாட்டுக்கு அனுப்பினால் அது உன்னைக் கேள்வி கேட்கும். கோலா குபு பாருவில் இருக்கும் தோட்டத்துக்குக் கொடுத்தால் கேட்காது. மிரட்டுவதற்காகப் போட்டிருக்கிறார்களோ, வழக்கமாகப் போடுவார்களோ, எனக்குத் தெரியாது. அதை ஓரமாக வை.

இரண்டாவது எண் நம் நாட்டுடையது. காப்புரிமை அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால் வந்துவிடுகிறது. ஒரு வெள்ளிக் காசு கூடக் கேட்கவில்லை. உன் கடிதத்தில் வக்கீல் எழுதியிருப்பது சான்று கொடுத்த தேதியை மட்டும்தான். அப்போது நீ படிவம் மூன்றில் இருந்தாய். நீ அதிலிருந்து இருபது வருடம் எண்ணி, இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது என்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். பதிவேட்டில் அதற்கு மேலே இன்னும் இரண்டு தேதிகள் இருந்தன. எதிலிருந்து எண்ணுவது என்று எனக்குப் புரியவில்லை. அலுவலகத்துக்கே போன் போட்டேன். எடுத்த மலாய்க்காரப் பெண் பொறுமைசாலி. என் மலாய் உனக்குத் தெரியுமே, சந்தை மலாய்தான். அவள் சிரிக்காமல், அத்தை என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "மாக்சிக், வெளிநாட்டுல மொதல்ல மனு போட்ட தேதியிலிருந்தும் எண்ணாதீங்க, சான்று கொடுத்த தேதியிலிருந்தும் எண்ணாதீங்க. இங்க செல்லுபடியாகற மனுத் தேதி ஒண்ணு போட்டிருக்கும். அதுலேருந்து இருபது வருஷம்." நான் தமிழில் எழுதியிருக்கிறேன், அவள் சொன்னது இதுதான். சான்று கொடுக்க அலுவலகத்துக்கு எத்தனை வருடம் ஆனாலும் அந்த இருபது அதனால் நீளாது. அந்த மனுத் தேதியில் நீ நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாய், பல் விழுந்த வாயோடு. இப்போது உனக்கு முப்பது ஆகப்போகிறது. தம்பி, அவர்களுக்கு ஐந்து வருடம் இல்லை. நான்கு மாதம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் முடிகிறது.

நான் உடனே துள்ளிக் குதித்துவிட்டேன் என்று நினைக்காதே. இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. சான்று வாங்கினால் போதாது. அதை உயிரோடு வைத்திருக்க வருடா வருடம் கட்டணம் கட்டவேண்டும். கட்டாமல் விட்டால் இருபது வருடம் ஆகும் முன்பே அது போய்விடும். தவறவிட்டால் அபராதத்தோடு கட்ட ஆறு மாதம் தவணை உண்டு. அதையும் விட்டு, போய்விட்டது என்று அறிவித்த பிறகும் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டு மீட்டுக்கொள்ள வழி இருக்கிறது. அதனால் 'கட்டவில்லை' என்று திரையில் பார்த்ததும் யாரும் அன்றைக்கே வெல்டிங்கைத் தொடங்கிவிடக் கூடாது. உன் விஷயத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அவர்கள் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். இந்த வருடத்துக்கும் கட்டியாயிற்று. திரையில் இருப்பது ஒரு நாள் பிந்தியிருக்கலாம் என்பதால், பதிவேட்டின் சான்றளித்த நகலுக்கும் மனுப் போட்டுவிட்டேன். அது வந்தால் நீ கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

அதனால் இப்போது கசப்பானதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தக் காப்புரிமை இன்றைக்கு உயிரோடு இருக்கிறது. நீ யாரையும் பார்த்துச் செய்யவில்லை என்பது எனக்கும் சாமிக்கும் தெரியும், ஆனால் சட்டத்துக்கு அது ஒரு பதில் இல்லையாம். தோட்டத்துக்குச் சோதனைக்காகக் கொடுத்திருக்கிற இரண்டு எந்திரத்தையும் லோரி வைத்துத் திரும்ப எடுத்து வா. இந்த நான்கு மாதம் செய்யாதே, விற்காதே, விற்கப்போகிறேன் என்று விலையும் சொல்லாதே. "நாலு மாசந்தான, யாரு பாக்கப்போறா?" என்று எவனாவது சொன்னால் அவனை என்னிடம் அனுப்பு. கம்பெனியின் பெயரைப் போட்டும் தேடிப் பார்த்தேன், ஏனென்றால் ஓர் எந்திரத்துக்கு ஒரே காப்புரிமைதான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர்களுடைய இன்னொன்று இருக்கிறது, பிந்திய தேதியில். அது சல்லடையைத் துடைக்கும் ஒரு தூரிகையைப் பற்றியது. உன் எந்திரத்தில் தூரிகை இல்லை. எனக்குத் தெரிந்தவரை அது உன்னைத் தொடாது. ஆனால் நான் பட்டறைக்காரன் பெண்டாட்டி, வக்கீல் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு காப்புரிமை ஏஜெண்டைப் பார்த்து அதைக் காட்டு. ஏஜெண்டுக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் பண்ணாதே.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாளின் மூன்றாவது பத்தியை நீ படித்தாயா, இல்லை கடைசிப் பக்கத்தில் கோடு போட்ட இடத்தை மட்டும் தேடினாயா? இப்படிப்பட்ட எந்திரத்தை நீ இனி எக்காலத்திலும் செய்வதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எக்காலத்திலுமாம்! நான்கு மாதத்தில் ஊருக்கே பொதுவாகிவிடப் போகிற ஒன்றை, உனக்கு மட்டும் சாகும்வரை தடை போடுவதற்கு நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாயா? காப்புரிமை முடிந்தாலும் நீ கொடுத்த வாக்கு முடியாது. அதை வைத்து உன்னை இழுப்பார்கள். மற்ற பட்டறைக்காரன் எல்லாம் அதைச் செய்து விற்பான், நீ மட்டும் வேடிக்கை பார்ப்பாய். "காப்புரிமை முடிகிற தேதி வரைக்கும் நிறுத்திக்கொள்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் எழுத மாட்டேன்" என்று சொல். தேதியைத் தாளில் எண்ணாகப் போடச் சொல். மரியாதையாகச் சொல், ஆனால் குழையாதே. அவர்களுக்குச் சட்டம் கொடுத்ததை நீ கொடுக்கிறாய். அதற்கு மேல் ஒரு நாள் கூட அவர்களுக்குச் சொந்தமில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் ரொம்பக் கெட்டிக்காரி என்று நீ நினைத்திருப்பாய். உன் எண்ணைத் தேடி முடித்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. உன் பிறப்புச் சான்றோடு ஒரே கோப்பில் அந்தப் பழைய வக்கீல் கடிதத்தையும் வைத்திருந்தேன், ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே. அதிலிருந்த எண்ணைப் போட்டேன். வந்தது. மனுத் தேதி, சான்றுத் தேதி, நிலை: கட்டணம் கட்டாததால் முடிந்துவிட்டது. அது முடிந்த தேதிக்கும் நமக்கு வந்த கடிதத்தின் தேதிக்கும் நடுவில் மூன்று வருடம் இருந்தது. மீட்டுக்கொள்கிற காலமும் தாண்டியிருந்தது. அந்த வக்கீலுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். நான் அவரைப் பழிக்கவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஒரே ஒரு போன், தம்பி. உன் அப்பா எட்டையும் வெட்டியது ஒரு செத்த காகிதத்துக்காக. வெட்டச் சொன்னது நான்.

ஒரு நாள் முழுக்க அவரிடம் சொல்லவில்லை. சோற்றில் உப்பு இல்லை என்றார், அதற்குக்கூட நான் வாய் திறக்கவில்லை என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புதன்கிழமை மத்தியானம் பட்டறைக்குப் போய், அவர் கிரைண்டரை நிறுத்துகிறவரைக்கும் காத்திருந்து சொன்னேன். முழுவதும் சொன்னேன், உன்னுடையதையும் அவருடையதையும். அவர் கையுறையைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப லெட்டர் வந்தன்னிக்கு அது இல்லவே இல்லியா?"

"இல்லைங்க. மூணு வருஷத்துக்கு முன்னயே போயிருச்சு."

"நான் கேட்டேன்ல, நம்மளா யோசிச்சு செஞ்சதுதானன்னு."

"கேட்டீங்க. நான்தான் பதில் சொல்லல. என்ன மன்னிச்சிருங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "நீ படிச்சுச் சொன்ன, நான் வெட்டுனேன். ரெண்டு பேரும் சேந்துதான பயந்தோம்" என்றார். நான் அழுதுவிட்டேன். பட்டறைக்கு வந்த ஒருத்தர் கேட் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார், அது யார் என்று கூட எனக்குத் தெரியவில்லை.

நேற்று காலையில் அவர் கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் பீரோவைத் திறந்து, உன் அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணச் சொன்னார். எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழம தம்பிகூட நானும் கே.எல். போறேன். நான் ஒண்ணும் பேச மாட்டேன், எனக்கு இங்கிலீசும் வராது. பக்கத்துல உக்காந்திருப்பேன். எந்தத் தேதியோட முடியுதுன்னு இவன் கேப்பான்ல, அத அவங்க வாயால சொல்லணும். அத நான் காதால கேக்கணும்" என்றார். சட்டை தயாராக இருக்கிறது. அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போ.

அம்மா